தண்ணீரில்லாத் தீவுக்கு விருந்தாளியாய்

நெய்வேலிச் சுரங்கத்தைச் சுற்றியுள்ள நம் ஊர்களில் 'வெளிநாடு' என்னும் சொல்லுக்கு ஒரு காலத்தில் ஒரே பொருள்தான் இருந்தது. அது பிழைக்கப் போகும் இடம். சிங்கப்பூரோ, மலேசியாவோ, அரபு நாடோ, எதுவாயினும் வேலைக்காகவே மக்கள் கப்பலோ விமானமோ ஏறினர். இன்று அச்சொல்லுக்கு இன்னொரு பொருளும் சேர்ந்துவிட்டது. அது பார்த்துவிட்டு வரும் இடம். பணி ஓய்வு பெற்றதும் கையில் வரும் தொகையில் ஒரு பங்கைப் பயணத்துக்கென ஒதுக்கும் குடும்பங்கள் நகரியத்தில் பல உள்ளன. வளையமாதேவி, சேத்தியாத்தோப்புப் பக்கத்துச் சிற்றூர்களிலும் இவ்வாசை எட்டிப் பார்க்கிறது. ஆலய வாயில்களில் உரோமை, லூர்து, பாத்திமா, எருசலேம் எனத் திருப்பயண விளம்பரங்கள் தொங்குகின்றன. எருசலேம் செல்லும் கிறித்தவர்க்குத் தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு முதல் உதவித்தொகையும் வழங்கி வருகிறது.

ஆயினும் நமக்கு மிக அருகிலுள்ள வெளிநாடு எருசலேமும் அன்று, உரோமையும் அன்று. வளையமாதேவியில் காலையில் பேருந்து ஏறிச் சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் வழியாக நாகப்பட்டினம் சேர்ந்தால், அங்கிருந்து சுமார் நான்கு மணி நேரக் கப்பல் பயணத்தில் யாழ்ப்பாணத்தின் காங்கேசன்துறையை அடைந்துவிடலாம். இக்கப்பல் போக்குவரத்து 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, மறுபடியும் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நிறுத்தப்படுவதும் உண்டு. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியதை நம் மூத்தோர் அறிவர். அந்தப் பழைய உறவு வேறொரு துறைமுகம் வழியே மீண்டும் துளிர்த்திருப்பது மகிழ்ச்சிக்குரியது. மடு மாதா திருத்தலத்துக்கும், கொழும்பு கொச்சிக்கடைப் புனித அந்தோணியார் திருத்தலத்துக்கும் செல்ல விரும்புவோர் இப்போது அடிக்கடி ஆலோசனை கேட்டு வருகின்றனர். விசா, பணம் மாற்றுதல், தங்குமிடம் பற்றியெல்லாம் கேட்கின்றனர். நம்மை ஏற்றுக்கொள்ளும் ஊருக்கு நாம் எப்படிப்பட்ட விருந்தாளியாய் இருக்கப் போகிறோம் என்று கேட்போர் அரியர். அக்கேள்விக்காகவே இக்கட்டுரை.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். விருந்தாளியாய்ச் செல்வோனுக்கெனத் தனி அதிகாரம் வகுத்தாரில்லை. ஆண்டவரோ அதைச் செய்தார். லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில், தம் சீடர்களை ஊர் ஊராக அனுப்புகையில், அவர் சொல்லும் அறிவுரைகளில் பெரும்பகுதி விருந்தாளியின் ஒழுக்கம் பற்றியதே. மிகுதியான மூட்டை வேண்டாம். ஒரு வீட்டில் தங்கினால் அங்கேயே தங்குங்கள், வசதி தேடி வீடு வீடாக மாறாதீர்கள். வைப்பதை உண்ணுங்கள் என்பதே அவ்வறிவுரையின் சாரம். சுற்றுலா நிறுவனங்கள் அச்சிட்டுத் தரும் குறிப்புகளில் இதற்கு நிகரானதைக் காண்பது அரிது.

நிற்க. அண்டை நாட்டுக்கு விருந்தாளியாய்ச் செல்வது என்றால் என்ன என்பதைக் கச்சத்தீவைப் போல் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை.

கச்சத்தீவு 285 ஏக்கர் அளவுள்ள சிறு தீவு. குடியிருப்போர் எவரும் இல்லை. குடிப்பதற்கேற்ற நீர் ஊற்றும் இல்லை. இராமேசுவரம் மீனவர்களும் நெடுந்தீவு, யாழ்ப்பாண மீனவர்களும் வலை உலர்த்தவும் இளைப்பாறவும் பன்னெடுங்காலம் ஒதுங்கிய இடம் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீனிவாச படையாச்சி என்னும் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் அங்கே புனித அந்தோணியாருக்கு ஒரு சிற்றாலயம் எழுப்பினார் என்பர். கடலோடிகளுக்கு அந்தோணியார் காவலர் அல்லவா! ஆண்டுதோறும், பெரும்பாலும் தவக்காலத்தில், இரண்டு நாள் திருவிழா நடைபெறும். முதல் நாள் மாலை கொடியேற்றம், சிலுவைப்பாதை, தேர்ப்பவனி. மறுநாள் காலை திருப்பலி. இரு கரைகளிலிருந்தும் வரும் மக்கள் அந்த ஓர் இரவை அம்மணலிலேயே கழிக்கின்றனர். கடல் பிரித்த உறவினர் அங்கே சந்திக்கின்றனர்.

1974 ஜூன் மாத ஒப்பந்தத்தின்படி தீவு இலங்கையின் எல்லைக்குள் அமைந்தது. இந்தியப் பிரதமர் இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அது. அதைப் பற்றிய அரசியல் வழக்கு இன்றளவும் ஓயவில்லை. அதற்குள் நாம் நுழையப் போவதில்லை. ஆனால் அவ்வொப்பந்தத்தின் ஐந்தாம் பிரிவைத் திருப்பயணி ஒவ்வொருவனும் அறிந்திருத்தல் நன்று. இந்திய மீனவரும் திருப்பயணிகளும் முன்போலவே தீவுக்கு வந்து செல்லலாம். அதற்கென இலங்கை அவர்களிடம் பயண ஆவணமோ விசாவோ கேட்காது என்பது அதன் பொருள். பாஸ்போர்ட் இன்றி ஒரு வெளிநாட்டு மண்ணில் கால் வைத்து, ஓர் இரவு உறங்கி, திருப்பலி கண்டு திரும்பும் சலுகை உலகில் எத்தனை பேருக்கு உண்டு? வழக்கத்திலே இராமேசுவரத்தில் பெயர் பதிவு செய்தல், அடையாளச் சான்று காட்டல், சோதனைக்கு உட்படுதல் ஆகியவை உண்டு. அவையெல்லாம் ஒழுங்குக்கானவை. சலுகை சலுகையே.

போர் ஆண்டுகளில் இத்திருவிழா தடைப்பட்டது. போர் முடிந்தபின், 2010-லிருந்து மக்கள் மீண்டும் பெருந்திரளாகச் செல்லத் தொடங்கினர். பழைய சிற்றாலயத்துக்கு அருகில் புதிய ஆலயம் ஒன்றை இலங்கைக் கடற்படையினர் கட்டித் தர, 2016 டிசம்பரில் அது மந்திரிக்கப்பட்டது. இன்று இரு நாடுகளிலிருந்தும் சில ஆயிரம் பேர் கூடுகின்றனர்.

இங்கேதான் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்க வேண்டும். தண்ணீரில்லாத் தீவு என்றால், குடிக்கும் நீர் ஒவ்வொரு சொட்டும் படகில் வர வேண்டும். 5,000 பேர் கூடுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நான்கு புட்டித் தண்ணீர் என்றால் 20,000 பிளாஸ்டிக் புட்டிகள். அத்துடன் உணவுப் பொட்டலங்கள், தேநீர்க் குவளைகள், மெழுகுதிரி உறைகள், சிறுவர் தின்பண்டத் தாள்கள். இரண்டாம் நாள் நண்பகலுக்குள் படகுகள் புறப்பட்டுவிடும். தீவில் நகராட்சி இல்லை, குப்பை வண்டி இல்லை, துப்புரவாளர் குடியிருப்பு இல்லை. விட்டுச் செல்வதை அள்ளுவோர், நம்மை வரவேற்று நீரும் உணவும் தந்து காத்த அதே கடற்படையினரும், யாழ் மறைமாவட்டத்தினரும், தீவகத்துத் தொண்டர்களும் ஆவர். அவர்கள் கைக்குத் தப்பியதை ஒரே இரவுக் காற்று கடலில் சேர்த்துவிடும்.

பாக் நீரிணை ஆழமற்ற கடல். அதன் அடியில் கடற்புல் வெளிகள் விரிந்து கிடக்கின்றன. அவற்றை மேய்ந்து வாழ்வது ஆவுளியா என்னும் கடற்பசு. அவ்வினத்தைக் காப்பதற்காகத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டர்க் கடற்பரப்பைக் காப்பகமாக அறிவித்தது. கச்சத்தீவில் நாம் எறியும் பாலித்தீன் பை எக்கரையில் ஒதுங்கும் என்று யாரால் சொல்ல முடியும்? எல்லைக்கோடு மனிதருக்கும் படகுக்கும்தான், நீரோட்டத்துக்கு ஏது? தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு. இலங்கையிலும், 2017 ஏப்ரலில் கொழும்புக்கு அருகில் மீதொட்டமுல்லைக் குப்பை மலை சரிந்து பலர் மாண்ட பின்னர், அவ்வாண்டே மெல்லிய பாலித்தீன் பைகளும் சோற்றுப் பொதித் தாள்களும் தடை செய்யப்பட்டன. இரு நாட்டுச் சட்டமும் ஒன்றையே சொல்கின்றன. நடுக்கடலில் இருக்கும் தீவில் மட்டும் எச்சட்டமும் இல்லை என்பது போல் நடப்பது பக்தர்க்கு அழகாகுமோ?

தண்ணீரையும் குப்பையையும் விடக் கடினமான செய்தி ஒன்று உண்டு. சொல்லாமல் விட்டால் கட்டுரை முழுமையாகாது.

அம்மணலில் நம்மருகே அமர்ந்து செபமாலை சொல்லும் யாழ்ப்பாண மீனவனுக்கு நம் கரைமீது ஒரு வருத்தம் உண்டு. முப்பதாண்டுப் போரில் கடலுக்கே செல்ல முடியாதிருந்தவன், போர் ஓய்ந்தபின் கடன் வாங்கி வலை வாங்கினான். நம் கரையிலிருந்து செல்லும் இழுவை மடிப் படகுகள் அவ்வலையை அறுத்துச் செல்கின்றன, கடலடியையே வாரிச் செல்கின்றன என்பது அவன் முறையீடு. இலங்கை 2017-இல் இழுவை மடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. மறுபுறம், இராமேசுவரத்து மீனவனின் துயரமும் பொய்யன்று. படகு பறிபோகிறது, பிடிபட்டோர் சிறையில் வாடுகின்றனர், வீட்டில் அடுப்பு எரிவதில்லை. படகோட்டிகளுக்குச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டதை எதிர்த்து 2024 பிப்ரவரித் திருவிழாவை இராமேசுவரம் மீனவர்கள் புறக்கணித்தனர். அவ்வாண்டு நம் கரையிலிருந்து படகுகள் செல்லவில்லை. அம்முடிவின் வேதனை புரிகிறது. எனினும், இரு தரப்பு மீனவரும் வழக்குமன்றமும் துப்பாக்கியும் இன்றி முகம் பார்த்துப் பேசக்கூடிய இடங்கள் மிகச் சில; அவற்றுள் ஒன்று அவ்வாண்டு நமக்கு அடைபட்டதே என்ற ஏக்கமும் எழுகிறது. மறு ஆண்டு, 2025 மார்ச்சில், நம் மக்கள் மீண்டும் சென்றனர்.

உள்நாட்டிலிருந்து செல்லும் நமக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். நெய்வேலியார்க்கு இழுவை மடியும் இல்லை, அறுந்த வலையும் இல்லை. ஆனால் நாம் தீவில் இறங்கும்போது 'இந்தியாவிலிருந்து வந்தவர்' என்ற ஒரே பெயரோடுதான் இறங்குகிறோம். விருந்துக்குப் போகும் வீட்டில் அண்மையில் என்ன நடந்தது என்று விசாரித்துக்கொண்டு போவது நம் கிராமத்துப் பழக்கம் அன்றோ? அதுபோதும். வாதிடவும் வேண்டா, நியாயம் உரைக்கவும் வேண்டா. அவர் சொல்லத் தொடங்கினால் செவிசாய்த்தல் போதும்.

பணி ஓய்வு பெற்ற ஒரு சுரங்கத் தொழிலாளி, நல்ல மனிதர், இதையெல்லாம் கேட்டுவிட்டு, "சாமி, நாம காசு குடுத்துட்டுத்தானே போறோம்? அப்புறம் எப்படி விருந்தாளி ஆவோம்?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. கச்சத்தீவுக்கு அது பொருந்தாது என்றாலும், யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் செல்வோர் மனத்தில் இருப்பது இதுவே. அறைக்கு வாடகை தருகிறோம். உணவுக்கு விலை தருகிறோம். உண்மை. ஆனால் தெருவுக்கு என்ன விலை தந்தோம்? கிணற்று நீருக்கு? ஒரு தாயின் மௌனத்துக்கு? வாடகைக்கு எடுத்தது அறையை மட்டுமே.

யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எண்ணிப் பாருங்கள். நம்மவர் அதன் வெண்ணிற முகப்பைக் கண்டதும் கைப்பேசியை எடுத்துச் சிரித்தபடி படம் பிடிக்கின்றனர். 1981 மே 31 இரவில் மூண்ட தீயில் 97,000-க்கு மேற்பட்ட நூல்களும் ஏடுகளும் அங்கே சாம்பலாயின. பன்மொழிப் புலவரும் நம் திருச்சபையின் குருவுமான தாவீது அடிகள், அத்தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர் நீத்தார் என்று யாழ்ப்பாணத்தார் இன்றும் கூறுவர். இன்று நூலகம் மீண்டும் எழுந்து நிற்கிறது. மாணவர் உள்ளே படித்துக்கொண்டிருக்கின்றனர். அது காட்சிக்கூடம் அன்று, படிக்கும் இடம். செருப்பைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்தி, அனுமதிக்கும் நேரத்தில் சென்று, சற்றே அமர்ந்து, ஒரு நூலைப் புரட்டிவிட்டு வருவதே அதற்குச் செய்யும் மரியாதை.

கொச்சிக்கடையும் அவ்வாறே. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. அத்திருத்தலத்திலும், நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டியில் புனித செபஸ்தியார் ஆலயத்திலும் திருப்பலியில் இருந்தோர் குண்டுவெடிப்பில் மாண்டனர். கட்டுவாப்பிட்டியில் இரத்தத் துளிகள் தெறித்த உயிர்த்த ஆண்டவரின் சுரூபத்தை அப்படியே போற்றிப் பாதுகாத்து வருகின்றனர். அதன்முன் மண்டியிடுவோரில் மகளை இழந்தவர் இருக்கலாம், கணவனை இழந்தவர் இருக்கலாம். அவர்களை நெருங்கி, 'உங்கள் வீட்டில் எத்தனை பேர்?' என்று கேட்பதற்கு நமக்கு என்ன உரிமை? வன்னியிலும் முல்லைத்தீவிலும் 2009-ஐப் பற்றி இதே கேள்வியைக் கேட்கும் தமிழ்நாட்டுப் பயணிகள் உண்டு என்று கேள்விப்படுகிறோம். அன்பினால் கேட்கிறார்கள் என்பதில் ஐயமில்லை. அன்பினால் கேட்டாலும் ஆறாத புண் புண்தான்.

வளையமாதேவியார்க்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. 2023 ஜூலை மாத இறுதியில், சுரங்க விரிவாக்கத்தையொட்டிய கால்வாய்ப் பணிக்காக, பச்சைப் பசேலென நின்ற நெற்பயிர் நடுவே மண்ணள்ளும் இயந்திரங்கள் இறங்கிய காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நிலம் யாருடையது, இழப்பீடு எவ்வளவு என்பன ஒருபுறம் இருக்கட்டும். தன் வயலருகே நின்று அழுதவளின் முகம் ஊர் ஊராகப் படமாய்ப் போவது எப்படியிருக்கும் என்பதை அவ்வூர் அறியும். தன் துயரம் பிறர்க்குக் காட்சியாவதன் கூச்சத்தை அறிந்தவர்கள், யாழ்ப்பாணத் தெருவில் கைப்பேசியை உயர்த்துமுன் ஒரு கணம் தயங்குவர் என்று நம்புகிறோம்.

வெளிநாட்டார் நம்மிடையே வாழ்ந்ததும் உண்டு. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் நாட்டு உதவியுடன் எழுந்தபோது அந்நாட்டுப் பொறியாளர்கள் குடும்பத்துடன் நகரியத்தில் தங்கினர். சுரங்க இயந்திரங்களோடு செருமானியரும் வந்தனர். பின்னாளில் அவர்களைப் பற்றி முதியோர் நினைவுகூர்வது அவர்கள் கட்டிய கொதிகலனை அன்று. யார் நம் சந்தையில் வணக்கம் சொல்லக் கற்றார், யார் நம் வீட்டுத் திருமணத்தில் தரையில் அமர்ந்து இலையில் உண்டார் என்பதையே.

இனிப் பணத்தின் செய்தி. நம் ஒரு ரூபாய்க்கு இலங்கையில் மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கிறது. அதனால் அங்கே எல்லாம் மலிவு என்னும் மயக்கம் நம்மவர்க்கு உண்டாகிறது. 2022-இல் அந்நாட்டின் பொருளாதாரம் சரிந்து, எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதை மறந்துவிடலாகாது. முச்சக்கர வண்டிக்காரரிடம் ஐம்பது ரூபாய்க்குப் பேரம் பேசி வெல்வதில் என்ன பெருமை? சென்னையிலிருந்தே சமையற்காரரையும் அரிசி, பருப்பையும் கூட்டிச் செல்லும் பயண ஏற்பாடுகள் உண்டு. அவற்றை நான் விரும்புவதில்லை. நம் பணம் நம்மிடமே சுற்றித் திரும்பினால் அவ்வூருக்கு மிஞ்சுவது நம் எச்சில் இலையும் குளித்த நீரும்தான். யாழ்ப்பாணத்துக் கடையில் இடியப்பமும் சொதியும் உண்ணுங்கள். ஒடியல் கூழ் கிடைத்தால் தவறவிடாதீர்கள். பனை ஓலைப் பெட்டியும் பனங்கட்டியும் வாங்கி வாருங்கள். கைம்பெண்கள் பலரின் வாழ்வு அத்தொழிலைச் சார்ந்தது. சங்கையும் பவளப்பாறையையும் மட்டும் வாங்கவும் வேண்டா, கரையில் பொறுக்கவும் வேண்டா. பவளப்பாறையைக் கொணர்தல் இரு நாட்டிலும் குற்றம்.

நெடுந்தீவுக்கும் செல்வோர் உண்டு. ஒல்லாந்தர் காலத்திலிருந்து அங்கே காட்டுக் குதிரைகள் கூட்டமாய் மேய்கின்றன. பவளக்கல்லை அடுக்கி எழுப்பிய வேலிகள் நெடுகிலும் உண்டு. குதிரையைத் துரத்திப் படம் எடுப்பதும், வேலிக்கல்லை நினைவுப்பொருளாய் எடுப்பதும் தகாது. அங்கும் நல்ல நீர் அருமை. விடுதியில் ஒரு வாளி நீரில் குளித்துப் பழகினால் நல்லது.

பிற சமயத்தார் தலங்களில் நடத்தை பற்றியும் ஒரு சொல். நல்லூர்க் கந்தசுவாமி கோவிலுக்குள் ஆடவர் மேலாடை களைந்தே செல்வர். காண விரும்பும் கத்தோலிக்கரும் அவ்வாறே செல்லவேண்டும், இல்லையேல் வெளியில் நின்று கும்பிட்டு வரலாம். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுப்பதைச் சிங்கள மக்கள் பெரும் அவமதிப்பாய்க் கொள்வர். தோளில் புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்த ஓர் ஆங்கிலேயப் பெண்மணியை 2014-இல் விமான நிலையத்திலேயே மறித்து நாடு கடத்தினர். அது கடுமை எனத் தோன்றலாம். வீட்டுக்காரர் வழக்கத்தை வீட்டுக்காரரே வகுப்பர்.

அளவுமீறிய பயணிகளால் உலகின் பல ஊர்கள் திணறுகின்றன. தாய்லாந்தின் மாயா விரிகுடாவை, பவளப்பாறைகள் சிதைந்ததால், 2018-இல் முற்றிலும் மூடிவிட்டு 2022 ஜனவரியில்தான் கட்டுப்பாடுகளோடு திறந்தனர். வெனிஸ் நகரம் 2024-இல், கூட்டம் மிகும் நாட்களில் ஒருநாள் பயணியாய் வருவோரிடம் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. பூட்டானில் இந்தியரும் நாளொன்றுக்கு 1,200 ரூபாய் செலுத்தவேண்டும். அவ்வளவு தூரம் போவானேன்? சிதம்பரத்துக்கு அப்பால் நம் பிச்சாவரம் அலையாத்திக் காட்டைப் பாருங்கள். 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்று உலகப் புகழ் பெற்ற அக்கழிமுகத்தின் வேர்களிடையே மிதக்கும் புட்டிகளைக் கண்டு நாம் முகம் சுளிக்கிறோம். அதே முகச்சுளிப்பை நெடுந்தீவுப் பங்குமக்களின் முகத்தில் நாம் ஏற்படுத்தலாகாது.

கச்சத்தீவுத் திருவிழாவுக்குச் செல்ல விரும்புவோர் இராமேசுவரத்தில் முன்கூட்டியே பெயர் பதிவு செய்துகொள்ள வேண்டும். கடைசி நேரத்தில் இடம் கிடைப்பது அரிது. குடும்பத்துக்கு ஓர் எவர்சில்வர்க் குடமோ பெரிய கேனோ நிறையத் தண்ணீர் கொண்டு சென்றால் சிறு புட்டிகள் தேவைப்படா. புளிச்சோறு இரண்டு வேளைக்குக் கெடாது. வாழை இலையில் கட்டினால் தாளும் வேண்டா. எவர்சில்வர்த் தட்டு, குவளை, விரித்துப் படுக்க ஓர் ஓலைப்பாய், பனிக்கு ஒரு போர்வை, கைவிளக்கு, வழக்கமாய் உண்ணும் மருந்து ஆகியவை போதும். தீவில் மருந்துக்கடை இல்லை. கூடவே காலியான சாக்குப்பை ஒன்று. நம் குப்பையை அதில் கட்டிப் படகிலேற்றி இராமேசுவரத்தில் இறக்கவேண்டும். படகுக்காரர் முதலில் முணுமுணுப்பார். போகும்போது குடம் நிறைய நீர் ஏற்றிய படகுதான். வரும்போது காலிக்குடத்தோடு ஒரு சாக்குப்பை அதற்குப் பாரமாகாது என்று பணிவாய்ச் சொன்னால் ஏற்றிக்கொள்வார்.